பேர் மட்டும் போதும் என்று சொன்ன பாடகி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன கூட்டத்தில் சிறந்த குழுவுக்கான பரிசைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு வாக்குவாதமே நடந்துவிட்டது. கேடயத்தில் யார் பேர் வரவேண்டும், மேடைக்கு யார் போகவேண்டும், போட்டோவில் யார் நிற்கவேண்டும் என்று. "பேரில் என்ன இருக்கு, விடுங்கக்கா" என்று சிலர் சொன்னீர்கள். பேரில் நிறைய இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். அதற்காகத்தான் இன்றைக்குக் கடன், வசூல், தணிக்கை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்காவில் பிறந்த ஒரு பாட்டுக்காரம்மாவையும் அவர் வாங்கிய விருதுகளையும் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். அவர் பேர் டீனா டர்னர். 2023 மே மாதம் 24-ஆம் தேதி, 83 வயதில், சுவிட்சர்லாந்து நாட்டில் காலமானார்.

வெள்ளைக்காரத் தேசத்துப் பாடகிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். இவர் கறுப்பினத்தைச் சேர்ந்தவர், பருத்திக் காட்டில் வளர்ந்தவர். 1939-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னஸி என்கிற மாநிலத்தில் பிறந்தார். ஊர் பேர் நட்புஷ். சின்னஞ்சிறு ஊர். அப்பா ஒரு பண்ணையில் கூலி ஆட்களைக் கண்காணிக்கிற வேலையில் இருந்தார். பிள்ளைகளும் பருத்தி எடுக்கப் போனார்கள். நம்மில் பருத்தி எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காய்ந்த ஓடு விரல் நுனியை எப்படிக் கீறும் என்று. அந்த வேலை தனக்கு அறவே பிடிக்காது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 11 வயதில் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் போனார். பாட்டி வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவதுதான் பாட்டுப் பயிற்சி.

அப்போது அவர் பேர் டீனா இல்லை. பெற்றவர்கள் வைத்த பேர் அன்னா மே புல்லக். இந்தப் பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி இறந்தபிறகு அம்மா இருந்த செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஐக் டர்னர் என்பவர் ஒரு வாத்தியக் குழு நடத்திக்கொண்டிருந்தார். நல்ல திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. இந்தப் பெண் ஒருநாள் அந்தக் குழுவோடு பாட, குரலைக் கேட்டு அவரும் அசந்துவிட்டார், குழுவில் சேர்த்துக்கொண்டார். 1960-ல் ஒரு இசைத்தட்டு வந்தது. பாட வேண்டிய ஆண் பாடகர் வரவில்லை என்பதால் இவரைப் பாட வைத்துப் பதிவு செய்தது. அதுதான் வெற்றி பெற்றது.

இசைத்தட்டின் மேலே பேர் போடவேண்டும் இல்லையா? ஐக் தானாகவே ஒரு பேரை யோசித்து, "டீனா டர்னர்" என்று போட்டுவிட்டார். அப்போது அவர்களுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கல்யாணம் நடந்தது 1962-ல்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் குடும்பப் பேரை அந்தப் பெண்ணுக்குப் போட்டதோடு நிற்கவில்லை. அந்தப் பேரைத் தன் உரிமையாகப் பதிவும் செய்துகொண்டார். ஏன் தெரியுமா? நாளைக்கு இவள் குழுவை விட்டுப் போனால், வேறொரு பெண்ணை நிறுத்தி அவளுக்கும் "டீனா டர்னர்" என்று பேர் வைத்து நிகழ்ச்சியை நடத்திக்கொள்ளலாம் என்று! கடைப் பெயர்ப்பலகை மாதிரி. பலகை முதலாளிக்கு, உள்ளே வேலை செய்கிற ஆள் யாராக இருந்தால் என்ன.

அடுத்த பதினாறு வருஷம் அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். பணம் பூராவும் ஐக் கையில். வீட்டில் நாலு பையன்கள். இவர் பெற்றது இரண்டு, ஐக்கின் முந்தைய உறவில் பிறந்தது இரண்டு, நாலு பேரையும் இவர்தான் வளர்த்தார். அடி, உதை எல்லாம் உண்டு. முகத்தில் காயத்தோடு மேடை ஏறிய கதையை டீனாவே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இனி விருதுக்கு வருவோம். அமெரிக்காவில் இசைக்கு என்று பெரிய விருது ஒன்று உண்டு, கிராமி என்று பேர். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் முன்பு குழாய் வைத்த பாட்டுப்பெட்டி வைப்பார்களே, கிராமபோன், அதன் உருவத்தில் இருக்கும் பரிசு. அதனால்தான் கிராமி. 1959-லிருந்து கொடுக்கிறார்கள். ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது இல்லை. பாடுகிறவர்கள், பாட்டு எழுதுகிறவர்கள், பதிவு செய்கிறவர்கள் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே சங்கமாகச் சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். கூட இருந்து வேலை பார்க்கிறவர்கள் மெச்சுவதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

1972-ல் டீனாவுக்கு முதல் கிராமி கிடைத்தது. "ப்ரவுட் மேரி" என்கிற பாட்டுக்கு. ஆனால் அது "குழுவாகப் பாடியதற்கான" பரிசு, ஐக், டீனா இரண்டு பேர் பேரிலும். நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டல் வீட்டுக்குள்ளே விழுந்த ஒரு அடியையும் தடுக்கவில்லை. விருது வாங்கிய பெண்ணுக்கு வீட்டில் மரியாதை தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். மாவட்ட அளவில் பரிசு வாங்கிய நம் குழுப் பெண்களில் சிலர் வீட்டுக்குப் போகவே பயந்த நாட்களை நாங்கள் களத்தில் பார்த்திருக்கிறோம். அதனால் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப்போக எங்களுக்கு மனம் வரவில்லை.

1976 ஜூலை மாதத் தொடக்கம். டல்லாஸ் என்ற ஊருக்கு நிகழ்ச்சிக்குப் போகிறார்கள். விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் காரிலேயே சண்டை, அடி. விடுதியில் ஐக் தூங்கியதும் டீனா கிளம்பிவிட்டார். பெரிய நெடுஞ்சாலையை இருட்டில் ஓடிக் கடந்து எதிரே இருந்த இன்னொரு விடுதிக்குப் போனார். கையில் 36 சென்ட் காசும், பெட்ரோல் போடுகிற ஒரு கார்டும். நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர். பதினாறு வருஷம் பாடிச் சம்பாதித்த கையில் மிச்சம் அவ்வளவுதான். காசில்லாமல் அடிபட்ட முகத்தோடு வந்து நின்றவருக்கு அந்த விடுதி மேலாளர் தங்க இடம் கொடுத்தார்.

வழக்கு நடந்தது. 1978 மார்ச்சில் விவாகரத்து முடிந்தது. சொத்தில் பங்கு, பணம், ஜீவனாம்சம் என்று எதற்கும் டீனா மல்லுக்கட்டவில்லை. கேட்டது ஒன்றுதான், தன் மேடைப் பேர். "டீனா டர்னர்" என்ற பேர் எனக்கு வேண்டும் என்றார். இரண்டு கார், தானே எழுதிய பாட்டுகளுக்கு வரும் உரிமைத்தொகை, அப்புறம் அந்தப் பேர். அவ்வளவோடு வெளியே வந்தார்.

ஒரு அக்கா முன்வரிசையில் தலையை ஆட்டுகிறார், "ஏமாந்துட்டாங்க" என்று. அப்படித்தான் தோன்றும். அதுவும் அந்தப் பேர் யார் வைத்த பேர்? அடித்தவர் வைத்தது, அவருடைய குடும்பப் பேர். "உன் பேரே வேண்டாம்" என்று வீசிவிட்டு அன்னா மே புல்லக் என்று திரும்பியிருக்கலாமே? ஆனால் அந்த அம்மா தொழில் தெரிந்தவர். பேர் அவர் வைத்ததாக இருக்கலாம், அந்தப் பேருக்கு மதிப்பைச் சேர்த்தது தன் தொண்டை, தன் உழைப்பு. ரசிகர்கள் டிக்கெட் வாங்குவது அந்தப் பேரைப் பார்த்து. வீட்டை எழுதி வாங்கினால் வீடு மட்டும்தான். பேர் கையில் இருந்தால் நாளைக்குப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். கணவர் வைத்த பேரில் ஓடுகிற பலகாரக் கடையில் இருபது வருஷம் முறுக்குச் சுட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புரியும்.

உடனே பிழைப்பு வந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பாதியில் நின்ற நிகழ்ச்சிகளுக்கு நஷ்டஈடு கேட்டு ஆட்கள் வந்தார்கள். கடன் தலைமேல். நம்ம ரேஷன் மாதிரி அங்கே ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற உணவுச் சீட்டை வாங்கித்தான் கொஞ்ச காலம் சாப்பிட்டார். டிவியில் விளையாட்டு நிகழ்ச்சிகளில் தலை காட்டினார். ஓட்டல் ஹால்களில் பாடினார். 1978-லும் 1979-லும் தனியாகப் போட்ட இரண்டு இசைத்தொகுப்புகளும் ஓடவில்லை. நாற்பது வயதைத் தொட்ட கறுப்பினப் பெண், இனி என்ன புதிதாகப் பாடிவிடப் போகிறாள் என்று இசைக் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கினார்கள். வாராவாரம் தவறாமல் கட்டுவது மாதிரி, கிடைத்த மேடையில் எல்லாம் பாடிக் கடனை அடைத்தார்.

ரோஜர் டேவிஸ் என்ற மேலாளர் வந்து சேர்ந்தபிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1983-ல் ஒரு பாட்டு இங்கிலாந்தில் நன்றாகப் போனது. உடனே ஒரு தொகுப்புப் போடச் சொன்னார்கள், இரண்டு வாரம்போலத்தான் நேரம். 1984 மே மாதம் "பிரைவேட் டான்சர்" என்ற அந்தத் தொகுப்பு வெளிவந்தது. உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதில் ஒரு பாட்டு, காதலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற பாட்டு, "வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்" என்று பேர். முதலில் அந்தப் பாட்டு டீனாவுக்குப் பிடிக்கவே இல்லையாம். அதுதான் 1984 செப்டம்பரில் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்குப் போய் மூன்று வாரம் நின்றது. அப்போது அவருக்கு வயது 44. தனியாகப் பாடி அந்த இடத்தைப் பிடித்த பெண்களில் அன்றைக்கு அவர்தான் வயதில் மூத்தவர்.

1985 பிப்ரவரி 26, லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், கிராமி விழா. டீனா அன்றைக்கு மூன்று கிராமி வாங்கினார். ஆண்டின் சிறந்த பதிவு, சிறந்த பாப் பாடகி, சிறந்த ராக் பாடகி. "வாட்ஸ் லவ்" பாட்டுக்கு இன்னொரு கிராமியும் கிடைத்தது, "ஆண்டின் சிறந்த பாடல்" என்று. அது டீனாவுக்குப் போகவில்லை.

இது ஏன் என்று பலருக்குக் குழப்பம் வரும். கிராமியில் "பதிவு" வேறு, "பாடல்" வேறு. பதிவு என்றால் நாம் காதால் கேட்கிற அந்த ஒலி. பாடியவர், அதைத் தயாரித்தவர் இவர்களுக்கு அந்தப் பரிசு. பாடல் என்றால் எழுதிய சரக்கு, வார்த்தையும் மெட்டும். எழுதியவர்களுக்குப் பரிசு. இந்தப் பாட்டை எழுதியவர்கள் டெர்ரி பிரிட்டன், கிரஹாம் லைல் என்ற இரண்டு பேர். விதை ஒருத்தர் கொடுத்தது, வெள்ளாமை ஒருத்தர் எடுத்தது, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு. யார் செய்த வேலைக்கு யார் பேர் என்று பிரித்து எழுதுகிற இந்த வழக்கம் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. நம் தீர்மான நோட்டில்கூட "குழு செய்தது" என்று மொத்தமாக எழுதிவிடுகிறோம். கலெக்டர் ஆபீசுக்கு நாலு தடவை நடந்தவர் பேர் எங்கேயும் இருப்பதில்லை.

இன்னொரு கேள்வியும் வரும். ஒற்றுமையே பலம் என்று பேசுகிற நாம், தனியாகப் பாடிய ஒருத்தரை ஏன் கொண்டாட வேண்டும்? சரியான கேள்விதான். தனிப் பாடகி என்று சொன்னாலும் டீனாவுக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள், பாட்டு எழுதியவர்கள், மேலாளர், ஆடுகிற பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். முன்பு இருந்ததும் குழுதான். ஆனால் அந்தக் குழுவில் கணக்கு நோட்டு ஒருத்தர் கையில், பேர் ஒருத்தர் உரிமையில், அடி ஒருத்தர் முதுகில். அதற்குக் குழு என்று பேர் வைக்க எங்களுக்கு மனமில்லை.

அதற்கப்புறம் விருதுகள் வரிசையாக வந்தன. 1986, 1987, 1989 என்று மேலும் மூன்று வருஷம் சிறந்த ராக் பாடகிக்கான கிராமி. ஹாலிவுட்டில் நடைபாதைக் கல்லில் நட்சத்திரம் பதித்து அதில் பேர் எழுதுவார்கள், அது 1986-ல். 2008-ல் வேறொரு கலைஞரின் தொகுப்பில் ஒரு பாட்டுப் பாடியதற்காகப் பங்கு கிராமி. எல்லாம் சேர்த்து எட்டு. 2018-ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி தனி.

ஆனால் எங்களை மலைக்க வைத்தது ஒரு கூட்டம். 1988 ஜனவரி 16 அன்று பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில், மரகானா என்ற கால்பந்து மைதானத்தில் டீனா பாடினார். 1,80,000-க்கும் மேற்பட்டவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தார்கள். தனி ஒருவரின் நிகழ்ச்சிக்கு வந்த அன்றைய உலக சாதனைக் கூட்டம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. லாரி ஏற்றிக் கொண்டுவந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்த கூட்டம் இல்லைம்மா! (சிரிப்பு)

இனிமேல் சொல்லப்போவதுதான் எங்களுக்கு உறுத்திய விஷயம்.

அமெரிக்காவில் ராக் இசைக் கலைஞர்களுக்கு என்று ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. 1991-ல் அதில் டீனாவைச் சேர்த்தார்கள். எப்படி? ஐக் அண்டு டீனா டர்னர் என்று ஜோடியாக. விவாகரத்து ஆகி 13 வருஷம். அதற்குள் தனியாக ஆறு கிராமி வாங்கி, உலக சாதனையும் செய்தாயிற்று. தன் கதையைப் புத்தகமாக எழுதி 1986-லேயே வெளியிட்டாயிற்று. அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று நாடே படித்திருந்தது. அப்படியும் பழைய ஜோடிப் பேரில்தான் கௌரவம்! விழாவுக்கு டீனா போகவில்லை. ஐக்கும் போகவில்லை, அவர் அப்போது சிறையில் இருந்தார். வேறொருவர் வந்து இரண்டு பேருக்காகவும் வாங்கிக்கொண்டார்.

ஜோடியாகப் பாடிய பாட்டுகளுக்கும் மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் தனியாகச் செய்ததற்குத் தனியாக ஒரு நாற்காலி போட அவர்களுக்கு இன்னும் முப்பது வருஷம் ஆனது. 2021 அக்டோபரில்தான் "டீனா டர்னர்" என்ற பேரை மட்டும் எழுதி இரண்டாவது முறையாக மண்டபத்தில் சேர்த்தார்கள். அவருக்கு அப்போது 81 வயது, உடல்நிலையும் சரியில்லை. 2017-ல் சிறுநீரகம் பழுதாகி, இரண்டாவது கணவர் எர்வின் பாக் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துத்தான் காப்பாற்றியிருந்தார். அதனால் விழாவுக்கு வராமல், சுவிட்சர்லாந்து வீட்டிலிருந்தே வீடியோ மூலம் நன்றி சொன்னார். விழா மேடையில் அவரைப் பற்றிப் பேசியவர் ஏஞ்சலா பாசெட். 1993-ல் டீனாவின் கதை சினிமாவாக வந்தபோது டீனாவாக நடித்து ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரை ஆனவர். அந்த மண்டபத்தில் இரண்டு முறை இடம் பிடித்த பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

முப்பது வருஷத் தாமதத்தை "லேட்டானாலும் கிடைச்சிடுச்சே" என்று ஆறுதல் சொல்லி மழுப்ப நாங்கள் தயாராக இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2005 டிசம்பரில் தலைநகர் வாஷிங்டனில் கென்னடி மையத்தின் கௌரவம். வாழ்நாள் கலைப்பணிக்கு அந்த நாட்டில் தருகிற மிகப்பெரிய மரியாதைகளில் அது ஒன்று. அந்த மேடையில் பியான்சே என்ற இளம் பாடகி "ப்ரவுட் மேரி" பாட்டைப் பாட, டீனா எதிரே உட்கார்ந்து கேட்டார். 2021-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது அவர் ஊர்க்காரர்கள் செய்தது. நட்புஷில் கறுப்பினக் குழந்தைகள் படித்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. டீனாவின் சொந்தக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் குறைந்த விலைக்கு இடம் கொடுத்து உண்டானது. டீனாவும் அங்கேதான் படித்தார். பின்னாளில் பள்ளி மூடி, கட்டடம் தானியம் போடுகிற கொட்டகையாகிக் கிடந்தது. அதை அப்படியே பெயர்த்துப் பக்கத்து ஊரான பிரவுன்ஸ்வில்லுக்குக் கொண்டுவந்து சீர்செய்து, 2014 செப்டம்பரில் டீனா டர்னர் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவருடைய மேடை உடைகளும் விருதுப் பலகைகளும் பழைய பெஞ்சு, கரும்பலகையோடு அங்கே இருக்கின்றன. அந்த வழியாகப் போகிற சாலைக்கும் அவர் பேர். 2025 செப்டம்பரில் அதே பிரவுன்ஸ்வில்லில் 10 அடி உயர வெண்கலச் சிலையும் வைத்தார்கள்.

ஒரு சங்கதி பாக்கி. 1978-ல் "ஏமாந்துட்டாங்க" என்று நாம் சொன்னோமே, அந்தப் பேர் என்ன ஆனது? 2021 அக்டோபரில், புகழ் மண்டபத்தில் சேர்ந்த அதே மாதம், டீனா தன் பாட்டுகளில் தனக்கு உள்ள உரிமைகளை பி.எம்.ஜி. என்ற பெரிய இசைக் கம்பெனிக்கு விற்றார். விற்றதில் அவருடைய பேரும் உருவமும் சேர்த்திதான். கோர்ட்டில் வெறும் பேர் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததை, 43 வருஷம் வைத்திருந்து, தானே விலை பேசி, தன் கையெழுத்தைப் போட்டு விற்றார்.

நேரமாகிவிட்டது, டீ வந்துவிட்டது. பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் இருங்கள், செல்போனில் போட்டுக் காட்டுகிறோம். பாஷை புரியாது. குரல் புரியும்.